கிடத்தி வைத்தது

“அம்மா, சட்டத்துக்கு இங்கிலிஷிலை சொல்லுற ‘லோ’ எண்ட சொல்லுக்கு ஆதியிலை என்ன கருத்துத் தெரியுமே? கிடத்தி வைச்சதாம்!”

சட்டம் படிக்கும் மகள் நிறஞ்சலா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அன்ரோனெற்றின் கை நின்றது.

“ஒருக்கால் கிடத்தினா ஆரும் அசைக்கேலாது. அதுதான் சட்டம்.”

“நல்ல சொல்லுத்தான்.”

“படிச்சு முடிச்சதும் முதல் வழக்கு அப்பாவுக்குத்தான். ஆமி பிடிச்சுக்கொண்டு போனவரை எங்கை வைச்சிருக்கிறியள் எண்டு கோட்டிலை கேப்பன். அவர் எங்கையோ இருக்கிறார், என்னம்மா?”

“ஓம் பிள்ளை. இருக்கிறார்.”

அன்ரோனெற் மறுபடி கூட்டத் தொடங்கினாள். மல்லிகையடியை மட்டும், வழக்கம்போல, விளக்குமாறு தொடவில்லை.

பிடித்துச் செல்லப்பட்ட சில நாட்களிலேயே ஓலைத்தொடுவாய்க் கரையில் கடல் ஒதுக்கிய கணவனின் உடலை, பயத்தில் ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு சிலுவைகூட நடாமல், அந்த மல்லிகையடியில்தான் அவள் கிடத்தியிருந்தாள்.