வாசலில் ஒரு குடை

பிரதேச செயலக வாசலில் நண்பகல் வெயில் தார்ச்சாலையை இளக்குகிறது. விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் தோட்டங்களுக்கு நடுவே வேண்டாம் என்று எழுதிய மட்டைகளோடு ஊரே திரண்டு நிற்கிறது. தோட்டத்திலிருந்து நேரே வந்த கைகளில் இன்னும் வெங்காய மணம். "இரண்டு பேர் மட்டும் உள்ளை வாங்கோ, கதைப்பம்," என்கிறார் அதிகாரி, கதவைப் பாதி திறந்து. முன்னால் குடையோடு நிற்கும் உதயகலா அசையவில்லை. "புகை எல்லாற்றை வீட்டுக்கும்தானே வரும், ஐயா. ஆர் அனுமதி குடுத்தது எண்டதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ." ஒருவரும் சத்தமிடவில்லை, ஒருவரும் விலகவுமில்லை. அதிகாரி தயங்கித் தயங்கிப் படியிறங்கி வருகிறார். அவருடைய வழுக்கையில் வெயில் சுள்ளென்று விழுகிறது. உதயகலா தன் குடையை அவர் தலைக்கு மேலே பிடிக்கிறாள். இப்போது வெயில் அவள் முகத்தில். "அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ, ஐயா. நாங்கள் நிக்கிறம்."