சிவப்பு முத்திரை

"உங்க பையில சிவப்பு முத்திரை இல்லம்மா. வெளிய போய் வாங்கிட்டு வாங்க."

பரிசோதனைக் காவலர் இப்படிச் சொன்னதும் அந்த இளம் நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். வேலை கிடைத்து, முதல்முறையாக விமானம் ஏறப் போகிறவள்.

"என்ன முத்திரைங்க? கவுன்ட்டர்ல ஒண்ணும் சொல்லலையே."

"முத்திரை இல்லாம விட முடியாது. வந்த வழியே போங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவர். முப்பது வருஷமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். மாசம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் பறப்பதால் இங்கே நடக்கிற கூத்தெல்லாம் அத்துப்படி.

போன மாசம் ஷூவைக் கழட்டச் சொன்னார்கள், பெல்ட் இருக்கலாம் என்றார்கள். இந்த மாசம் ஷூ இருக்கலாமாம், பெல்ட்டைக் கழட்டணுமாம். பக்கத்து வரிசையிலோ எதையுமே கழட்ட வேண்டாம். அங்கே இருந்த காவலர் கொட்டாவி விட்டபடி எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார் பிழை திருத்துபவர்.

"தம்பி, போன மாசம் இதே வழியாத்தான் போனேன். முத்திரையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது."

"புது ரூல் சார்."

"எப்போலேர்ந்து?"

"இன்னிலேர்ந்து."

"பக்கத்து வரிசையில யாரையும் கேக்கலையே?"

"அது பக்கத்து வரிசை சார்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீ போகாதேம்மா, நான் பேசிக்கறேன்" என்றார் அவர்.

"அவர் பேச்சைக் கேட்டு நிக்காதீங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு, ஓடுங்க" என்றார் காவலர்.

பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனாள்.

"சின்னப் பொண்ணை இப்படியா அலைய விடுவீங்க? கூப்பிடுங்க உங்க மேலதிகாரியை."

"வேணாம் சார்."

"கூப்பிடுங்கன்னா கூப்பிடுங்க."

அவர் போட்ட சத்தத்தில், மூலை அறையிலிருந்து மேலதிகாரியே எட்டிப் பார்த்தார். டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வர ஆரம்பித்தார்.

காவலரின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து கிசுகிசுத்தார்.

"சார், அப்படி ஒரு முத்திரையே கிடையாது. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

பிழை திருத்துபவர் திரும்பினார். வரிசைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பஸ் டிரைவர் யூனிஃபார்மில் ஒரு பெரியவர், மூச்சு வாங்க நின்றிருந்தார். அந்தப் பெண் அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"அவங்க அப்பா சார். டியூட்டி முடிஞ்சு நேரா ஓடி வந்திருக்கார் போல. இங்க டிரேயில பொண்ணோட போன்ல 'அப்பா', 'அப்பா'ன்னு மின்னிக்கிட்டே இருந்துச்சு. அங்க அவர் போனைக் காதுல வச்சுக்கிட்டு கண்ணாடியைத் தட்டிக்கிட்டு இருந்தார். உள்ள வந்தவங்களை போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வர்றதுக்கு வெளிய விட ரூல் இல்ல. ஏதாவது விட்டுப்போச்சுன்னாதான் விடலாம். ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியிருக்கேன் சார்."

பிழை திருத்துபவரின் பிடி தளர்ந்தது. பேண்ட் கொஞ்சம் நழுவியது. இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மேலதிகாரி வந்து சேர்ந்தார்.

"என்ன சத்தம் இங்க? என்னமோ முத்திரைன்னு காதுல விழுந்துச்சு. என்ன முத்திரை?"

காவலர் அவசரமாகக் காலி டிரேக்களை அடுக்க ஆரம்பித்தார்.

பிறந்ததிலிருந்து ஒரு கமாவைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிவப்பு முத்திரை சார். இன்னிலேர்ந்து புது ரூல். அந்தப் பொண்ணு அதை வாங்காம வந்துட்டா, தம்பி கரெக்டாப் பிடிச்சுட்டார். உங்களைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பாராட்டணும்னு தோணிச்சு."

மேலதிகாரி ஒரு நிமிஷம் மலங்க விழித்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஆமாமா, சிவப்பு முத்திரை. நான்தானே போன வாரமே இவங்களுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றவர், பிழை திருத்துபவரின் பையை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, உங்க பையில எங்க சார் முத்திரை? போங்க, போய் வாங்கிட்டு வாங்க."