கொசுவம் வைக்கும் நேரம்

“உன் மேல வேண்டாம்மா. அந்தப் பொண்ணு மேல கட்டிக் காட்டு. என் பொண்ணு உசரம் இருக்கா” என்றார் கல்யாணப் பெண்ணின் அம்மா.

முத்துலட்சுமியின் கையில் அரக்கு நிறக் கூறைப்புடவை இருந்தது. அந்தப் பொண்ணு, ஷீலா.

தி.நகர்ப் புடவைக் கடையின் மூன்றாம் மாடியில் வேலை செய்யும் இருவரும் பேசிக்கொள்ளாமல் பத்து நாளாகிறது. பேசக்கூடாது என்பது சூப்பர்வைசர் துரைராஜின் உத்தரவு. நாளையிலிருந்து ஷீலாவுக்கு வேறு கிளையில் வேலை.

பத்து நாள் முன்பு சரக்கு அறைக் கேமராவில் தெரிந்தது இரண்டு முதுகும் ஒரு முத்தமும்; கொடுத்தது யார் என்று தெரியவில்லை. கொடுத்தவள் முத்துலட்சுமி. துரைராஜ் கூப்பிட்டுக் கேட்டபோது அவளுடைய இருபது வயது வாய் முந்திக்கொண்டது.

“அவதான் சார்.”

ஷீலாவின் டப்பாவில் தினமும் இரண்டு முட்டை இருக்கும், ஒன்று முத்துலட்சுமிக்கு. பத்து நாளாகியும் முத்துலட்சுமியின் பங்கு மட்டும் சாப்பாட்டு அறை அலமாரியில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தான் பழி போட்டது தெரியாததால்தான் ஷீலா வைக்கிறாள் என்று அவள் நினைத்தாள்.

இன்று காலை தெருமுனைப் பிள்ளையாரிடம் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஷீலா போவதற்குள் உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் வேண்டும்.

அந்த நிமிடம் இப்படி வந்து நின்றது.

விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடாத அந்தக் கடையில், ஒன்பது மணியிலிருந்து நின்ற கால்களை மடக்கி மண்டியிட்டாள். ஷீலாவின் சீருடைச் சேலை மேலேயே கூறையைச் சுற்றி, கொசுவம் மடித்தாள். ஐந்தாவது மடிப்பு நழுவியது. மறுபடி முதலிலிருந்து.

துரைராஜ் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கொசுவம் வைப்பவளின் வாயை யாரும் பார்ப்பதில்லை.

“ஒன் மேல பழியப் போட்டது நாந்தான்” என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

ஷீலா எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது.

“தெரியும்டி. அன்னிக்கே நீ சொன்னன்னு என்னாண்ட கேட்டாரு. ஆமா, நான்தான்னு சொல்ட்டேன். எனக்கு வூடு கீது. உன்ன கடை ஆஸ்டல்லேந்து தொரத்துனா எங்க போவ, லூசு?”

அன்றைக்கே.

அப்படியானால் அந்தப் பத்து முட்டைகளும் தெரிந்தே வந்தவை.

கொசுவத்தைச் செருகியாயிற்று. முத்துலட்சுமியால் எழுந்திருக்க முடியவில்லை.

“போதும்மா, பாத்தாச்சு” என்றார் பெண்ணின் அம்மா.

ஷீலா தோளிலிருந்த முந்தானையை எடுத்து, இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள்.

“பொறுமையா பாருங்கம்மா. கல்யாணப் பொடவ. இன்னா அவசரம்?”

விரிந்த பட்டுக்குப் பின்னால், துரைராஜின் கண்ணில் படாமல், முத்துலட்சுமி இன்று முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தாள்.