தமிழுக்கு ஏழாம் இலக்கம்

“காதுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி, தம்பி” என்றார் கிறிஸ்துராஜா அண்ணை, பேரீச்சம்பழப் பெட்டியை என் சமையலறை மேசையில் வைத்தபடி.

ஜனவரியில்தான் பாரிஸிலிருந்து வந்து கீழ்வீட்டில் குடியேறியவர். யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் வழியில் டோஹாவில் ஒன்பது மணித்தியாலம் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததாம். ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பஸ்ஸில் தரும் ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஏழாம் இலக்கத்தை அழுத்தினால் தமிழ். ஒரு பெண் ஊரின் கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள்.

அந்தப் பெண் தாரகா. என் மனைவி. போன ஒக்டோபரில் இறந்துபோனாள்.

அவள் இறந்தது அண்ணைக்குத் தெரியும். குரல் தெரியாது.

நான் சொல்லவில்லை.

எங்கள் படுக்கையறை உடுப்பு அலமாரிக்குள், குளிர்கோட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்துதான் அதைப் பதிவுசெய்தாள். ஃப்ரிட்ஜின் இரைச்சல் விழுகிறது என்று அதை நிறுத்தச் சொல்வாள். நான் சத்தம் போடாமல் வெளியே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு அழித்துவிட்டாள். ஒப்பந்தம் அப்படி. அவளுடைய கைபேசி இணைப்பை வெட்டியபோது அழைப்பவரிடம் தகவல் விடச் சொல்லும் அவளுடைய குரலும் போய்விட்டது.

கோலியர்ஸ் வுட்டில், இந்த வீட்டில், அவளுடைய குரலில் ஒரு சொல் மிச்சமில்லை. டோஹாவிலோ, பஸ் அந்தந்த இடத்தைக் கடக்கும்போது, டிக்கெட் எடுத்த எவருக்கும் பேசுகிறாள்.

அண்ணை டோஹாவைச் சொல்லிக்கொண்டிருந்தார். வல்லூறு விற்கும் சந்தை. காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள். எண்ணெய் வருவதற்கு முன்னர் அந்த ஊருக்கு முத்துதான் சோறு போட்டது. இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்களாம்.

இடுப்பில் அல்ல, காலில். அந்த வரியை அவள் பதினொரு தடவை சொன்னாள்.

நான் அவருடைய காதுகளைப் பார்த்தேன். பெரிய காதுகள். மயிர் முளைத்திருந்தது. வந்தவருக்கு நான் தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஒரு பகிடி கேளுமன்” என்றார். “கடற்கரையில பெரிய சிப்பிச் சிலை ஒண்டு, நடுவில முத்து. அதைச் சொல்லிக்கொண்டு வந்தவ திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டு, ‘இஞ்சருங்கோ, முடிஞ்சவுடன ஃப்ரிட்ஜைப் போடுங்கோ. போனமுறை மாதிரி மீனைப் பழுதாக்காதேங்கோ. கேக்குதோ?’ எண்டா! அங்க ஆருக்கும் தமிழ் விளங்காதெல்லே, வெட்டாமல் விட்டிட்டாங்கள். பஸ்ஸில தமிழ்ச் சனம் ஆறு பேர். ஒரே சிரிப்பு.”

எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

“அவவின்ர மனுசனில எனக்குப் பொறாமையாக் கிடந்தது, தம்பி. இப்பிடிப் பேச்சு வாங்கவும் குடுத்து வைக்கோணும்.”

அவர் பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார்.

“ஆனா சரியான கல்லன். கேக்குதோ எண்டு கேட்டுப்போட்டு அவ காத்துக்கொண்டிருக்கிறா. ஒரு சத்தமும் இல்லை. பிறகு தானாகவே முத்துக்குத் திரும்பிப் போறா. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் குறைஞ்சே போயிடுவான்?”

அன்று அலமாரிக் கதவு சாத்தியிருந்தது.

வெளியே நின்று நான் தலையாட்டினேன்.