பெயர் எழுதிய பாட்டில்

டோக்கியோவில், பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுக்கப் பெண்கள் இருக்கும் மதுக்கூடம் அது. அலமாரியில் ஞானசிகாமணியின் பெயர் எழுதிய விஸ்கி பாட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதற்குக் காசு கொடுத்தாயிற்று. ஆனால் குடிக்கப் போனால் நாற்காலி, ஐஸ், தண்ணீர், பக்கத்தில் அமரும் மியோகோ என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இனி ஒரு யென்கூடத் தருவதில்லை என்று முடிவுகட்டி, மடக்கு நாற்காலியும் டம்ளரும் பிளாஸ்க் நிறைய ஐஸுமாகப் போய் இறங்கினார்.

“என்ன சார், வீடு மாத்துறீங்களா?” என்றாள், அவர் செலவிலேயே தமிழ் கற்றுக்கொண்ட மியோகோ.

“பாட்டில் என்னுது. காலி பண்ணாம விடுறதில்ல. நீ பக்கத்துல உட்காந்துடாத தாயி, அதுக்கும் பில்லு வரும்.”

ஒரு மணி நேரம் நின்றபடியே அவரைப் பார்த்திருந்தவள், கால் மாற்றிக்கொண்டு கேட்டாள்: “நாற்காலி ஒண்ணுதான் இருக்கா சார்?”

மறுநாள் அவர் இரண்டு நாற்காலிகளோடு வந்தார். அன்று பாட்டிலில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.