மெழுகு போட்ட மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் சார் முதல் தடவையாக என் மேல் மெழுகு தடவி, பழைய பனியனால் தன் தோள்பட்டை வலிக்கத் தேய்த்தார். ஓட்டைக் கார் நான். என் பானட்டில் அவர் மீசை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூலையில் சுருண்டு கிடந்த கார் உறையிடம், "காக்கா எச்சமும் கிழிசலுமா இனிமே என் பக்கமே வராதே. நாளைக்குத் தெருவே என்னைப் பார்க்கும்" என்றேன்.

உறை இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டது.

சாயங்காலம் சார் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூசி பட்டா அவ்வளவும் வீணாப் போயிடுமே" என்று உறையை இழுத்து என்னைப் போர்த்தி, கயிறும் கட்டினார்.

மறுநாள் ஆபீசுக்கு பஸ்ஸில் போனார்.

இருட்டுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டேன்: "வெளியே யாராவது பார்க்கிறாங்களா?"

"தெருவே பார்க்குது," என்றது உறை. "என்னை."