பெயர் வைக்கத் தெரியாதவர்

"'ஹரீரா-3'. இதெல்லாம் ஒரு பேரா, சி மிலூது?"

சுவரிலிருந்த டிவியைக் காட்டிக் கேட்டேன். மற்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மிலூது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சூப்போட பேரை வெச்சா உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கொண்டைக்கடலையா, தக்காளியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அன்னிக்குக் கொஞ்சம் பசியா இருந்துச்சு, மகளே. அதான்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

மொராக்கோவின் காசாபிளாங்காவில் எங்கள் அலுவலகம். இங்கே மரியாதைக்காகப் பெயருக்கு முன்னால் 'சி' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். டயாலிசிஸ் மையங்களுக்கு நோயாளிகளின் நேரம் ஒதுக்கும் மென்பொருள் செய்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. தனியாக ஒரு நகல் பிரித்து, அதில் வேலை செய்து, சரிபார்த்த பிறகுதான் மூலத்தோடு சேர்க்க வேண்டும். அந்த நகல்தான் பிராஞ்ச்.

அதற்குப் பெயர் வைக்க விதி போட்டவளே நான்தான். யார் எழுதியதில் பிழை, என்ன பிழை, இரண்டும் பெயரிலேயே தெரிய வேண்டும். பெயர்களெல்லாம் காபி மெஷினுக்கு மேலே டிவியில் ஓடும். யார் பெயர் எத்தனை முறை வந்தது என்று இயக்குநர் ஹாத்திம் வருடக் கடைசியில் பார்ப்பார்.

மிலூதைத் தவிர எல்லோரும் ஒழுங்காகத்தான் வைத்தார்கள்.

"உங்களுக்கு மூணு தடவை சொல்லியாச்சு."

"சொன்னே, மகளே. இனிமே பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்ள விடவில்லை. நேரே ஹாத்திமின் அறைக்குப் போனேன்.

"சி ஹாத்திம், மிலூதுக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் வேண்டாம்."

"மனுஷன் நல்லவராச்சே? அவர் பொண்ணு வேற ஃபெஸ் நகரத்துல டாக்டருக்குப் படிக்குது."

"நல்லவர்தான். வேலையில ஒழுங்கு இல்லையே."

"உன் டீம், உன் இஷ்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள மனசு மாறுச்சுன்னா சொல்லு."

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல ஒரே பெரிய தட்டில் குஸ்குஸ். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட்டோம். மிலூதுக்கு விஷயம் தெரிந்திருந்தது. காலையிலேயே மேஜையைக் காலி செய்திருந்தார். ஆனாலும் எப்போதும்போலத் தன் பக்கத்து இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"சாப்பிடு மகளே. இளைச்சுப் போயிட்டே."

நடிக்கிறார் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து, அவர் விட்டுவைத்திருந்த பழைய பிராஞ்சுகளை அழிக்க உட்கார்ந்தேன். மொத்தம் ஏழு. எல்லாம் சாப்பாட்டுப் பெயர்கள். அழிக்கும் முன் 'ஹரீரா-3'ஐ மட்டும் திறந்தேன். ஹாத்திம் கேட்டால் சொல்ல ஏதாவது குற்றம் கிடைக்குமே என்றுதான்.

ரமலான் மாதம் எங்கள் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்போம். பெருநாள் முடிந்ததும் பழையபடி முன்னுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நிரல் எழுதிய ஆள் அதைச் சுத்தமாக மறந்திருந்தார். அப்படியே விட்டிருந்தால் போன ரமலானில் நானூறு நோயாளிகள் தப்பான நேரத்துக்கு வந்து நின்றிருப்பார்கள். மிலூது அதைத்தான் திருத்தியிருந்தார்.

எந்த மடையன் எழுதினது என்று பார்த்தேன்.

என் பெயர் இருந்தது.

போன வருடம் அப்பா ஐசியூவில் கிடந்த நாட்கள் அவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதியது. கீழே மிலூதின் குறிப்பு இரண்டு வரி இருந்தது.

'இதை எழுதிய பெண் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இதற்காக அவளைக் கூப்பிட வேண்டாம், நானே சரி செய்துவிட்டேன்.'

மற்ற ஆறையும் திறந்தேன். ஆறும் அதே வாரங்கள், ஆறிலும் என் பிழை. விதிப்படி பெயர் வைத்திருந்தால் ஏழு முறை என் பெயர் டிவியில் ஓடியிருக்கும். சூப்பையும் ரொட்டியையும் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

ஃபோன் அடித்தது. ஹாத்திம்.

"கிஸ்லான், மிலூது காகிதம் முன்னாடி இருக்கு. போட்டுடட்டுமா? பக்கத்துலயே உன் பதவி உயர்வு காகிதமும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே முடிச்சிடறேன்."

என் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மிலூது தன் தேநீர்க் குவளையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கிஸ்லான்? இருக்கியா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"போடுங்க, சி ஹாத்திம்."

"சரி. அவரோட அந்த ஏழு பிராஞ்சையும் அழிச்சிடாதே. தணிக்கைக்கு ஆள் வராங்க. உன் விதிப்படி ஒழுங்கா பேரை மாத்தி வை."

மாற்றினேன். டிவியில் ஒவ்வொன்றாக வந்தன: 'பழையது-1', 'பழையது-2', 'பழையது-3'...

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய மிலூது, காபி மெஷினருகே நின்று நிமிர்ந்து பார்த்தார். ஏழாவது பெயர் வரும்வரை நின்றார். பிறகு என் அறை வாசலுக்கு வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நல்ல பேரு, மகளே. யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க."